இரண்டு மாட்டு வண்டிகளும் ஓர் அரை நொடியும்

பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோளை நிறுத்தினால், அது வானில் அசையாமல் நிற்பதுபோலவே தெரியும். அப்படி மூன்றை நிறுத்தி உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945-ல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் எழுதினார் ஆர்தர் சி. கிளார்க். ரேடியோ அலை அவ்வளவு தூரம் ஏறி இறங்கக் கால் நொடி, பதில் வர இன்னொரு கால் நொடி. போனில் பேசுகிறவர்களுக்கு இது சின்ன எரிச்சல். கம்ப்யூட்டர்கள் பேசத் தொடங்கியபோதுதான் நஷ்டக் கணக்கானது.

1969-ல் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பார்ட்லெட், ஸ்கான்டில்பரி, வில்கின்சன் மூவரும், தகவல் தொலையாமல் போய்ச் சேர எளிய வழி ஒன்றைச் சொன்னார்கள். ஒரு பொட்டலம் அனுப்பு. 'வந்தது' என்ற ரசீது கிடைத்தபின் அடுத்ததை அனுப்பு. கல்யாணப் பந்தியில் ஒரே ஒரு வடையை இலையில் வைத்துவிட்டு, அடுத்த வடைக்குச் சமையல்கட்டுக்குத் திரும்பிப் போகிறவரைப்போல. சமையல்கட்டு பக்கத்திலிருந்தால் பரவாயில்லை.

பிரான்சில் சைக்ளாட் என்ற கம்ப்யூட்டர் வலையமைப்பை உருவாக்கிய லூயி பூசானின் குழு வேறு வழி பிடித்தது. ரசீதுக்குக் காத்திராமல் ஒரு வரம்பு வரை அனுப்பிக்கொண்டே இரு. ரசீது வர வர வரம்பு முன்னே நகரட்டும். ஸ்லைடிங் விண்டோ என்பது இதுதான். அந்தக் குழுவின் ஜெரார் லெ லான் 1973-ல் ஸ்டான்ஃபோர்டு போய் விண்ட் செர்ஃபுடன் வேலை பார்த்தார். யோசனையும் கூடவே கடல் தாண்டி, இணையத்தில் தகவலைக் கொண்டுசேர்க்கும் டி.சி.பி. என்ற விதிமுறைக்குள் புகுந்தது. ஐ.பி.எம். எஸ்.டி.எல்.சி. என்ற தன் தகவல் விதிமுறையில் பொட்டலத்துக்கு எண் போட 3 பிட் ஒதுக்கியது. அதனால் ரசீதில்லாமல் 7 பொட்டலம்தான் போகலாம். தரை வயருக்கு அது தாராளம். எச்.டி.எல்.சி. என்ற உலகத் தரமும் அந்த 7-ஐ அப்படியே வாங்கிக்கொண்டது.

இதற்கிடையே இந்தியாவும் செயற்கைக்கோள் வழிச் செய்திக்குத் தயாரானது. 1981 ஜூனில் ஆர்.எம். வாசகம் தலைமையில் பெங்களூரில் உருவான 'ஆப்பிள்' தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. ஆன்டெனா சோதனைக்கு உலோக வண்டி இடைஞ்சல் என்று அதை மாட்டு வண்டியில் ஏற்றிய படம் பிரபலம். அதே ஆண்டு செப்டம்பரில் டி.சி.பி.-யின் விதிமுறை வெளியானது. விண்டோவின் அளவைச் சொல்ல 16 பிட், அதாவது அதிகபட்சம் 65,535 பைட். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது மாட்டு வண்டி, 1985-ல் பெங்களூருக்கு வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸுக்கு டிஷ் ஆன்டெனா கொண்டுவந்தது. 1990-களில் எஸ்.டி.பி.ஐ. என்ற அரசு மென்பொருள் பூங்கா அமைப்பு வழியாக மற்ற மென்பொருள் கம்பெனிகளுக்கும் 64 கிலோபிட் செயற்கைக்கோள் இணைப்பு கிடைத்தது. அதில் உண்மையில் எவ்வளவு போகும்? போட்டுப் பார்ப்போம். 128 பைட் பொட்டலம் 1,024 பிட். அனுப்பி முடிக்க 16 மில்லிநொடி. ரசீது வர இன்னும் 540 என்று வைத்துக்கொள்வோம். ஆக 556-ல் 16 மட்டுமே வேலை, மீதி வேடிக்கை பார்ப்பது. நொடிக்குச் சுமார் 1,840 பிட். காசு கொடுத்ததோ 64,000-க்கு! விண்டோ 7 என்றால் ஏழு மடங்கு, சுமார் 12,900. அதுவும் ஐந்தில் ஒரு பங்குதான். பாதை நிரம்ப 556-ஐ 16-ஆல் வகுக்க வேண்டும்: 35 பொட்டலம். எண்ணுக்கு 7 பிட் தரும் விரிந்த எச்.டி.எல்.சி.-யில் 127 வரை போகலாம் என்பதால் அங்கே பிரச்சினை தீர்ந்தது.

டி.சி.பி.-யில் தீரவில்லை. 65,535 பைட்டை 0.54 நொடியால் வகுத்தால் நொடிக்கு 9.7 லட்சம் பிட். நீங்கள் 10 மெகாபிட் வாங்கினாலும் 100 வாங்கினாலும் ஓர் இணைப்புக்கு அவ்வளவுதான். வான் ஜேக்கப்சனும் பாப் பிரேடனும் 1988-ல் முன்வைத்து, 1992-ல் செம்மையாக்கிய திருத்தம், அந்த விண்டோ அளவை 16,384 மடங்கு வரை பெருக்கிக்கொள்ள வழிவிட்டது.

இடையில் ஒரு குறுக்கு வழியும் பரவியது. தரை நிலையத்துப் பெட்டியே 'வந்தது' என்று பொய் ரசீது போட்டு அனுப்புநரை முடுக்கிவிடும். பிறகு பொட்டலத்துக்குத் தானே பொறுப்பேற்று மேலே அனுப்பும். பொய்தான், ஆனால் நன்றாக வேலை செய்த பொய். 2021-ல் இணையத் தரமாக ஏற்கப்பட்ட குவிக் என்ற புதிய விதிமுறை, ரசீதையும் பூட்டியே அனுப்புவதால் அந்தப் பெட்டியால் இப்போது பொய் எழுத முடிவதில்லை. இரு முனைக் கம்ப்யூட்டர்களும் அரை நொடிக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.