பெயர் மறைத்த தந்தை

நதிமூலமும் ரிஷிமூலமும் பார்க்கலாகாது என்பர் நம் பெரியோர். ஆயினும் தன் மூலத்தை அறியும் ஆசை மனிதனை விட்டபாடில்லை. மேலைநாட்டவர்க்கு அதற்குத் துணைசெய்வது குடும்பப் பெயர். நம்மிடையே தந்தையின் பெயர் முதலெழுத்தாய் நின்று, அடுத்த தலைமுறையில் மறைந்துவிடுகிறது. அவர்களிடையேயோ ஒரே பெயர் தந்தையிடமிருந்து மகனுக்குப் பல நூற்றாண்டுகளாய் இறங்கி வருகிறது.

அதே வழியில் உடலுக்குள்ளும் ஒன்று இறங்கி வருகிறது. அதுவே ஆண்களுக்கு மட்டும் உரிய 'வை' நிறமூர்த்தம். தந்தையிடமிருந்து மகனுக்குப் பெரிதும் மாறாமல் செல்லும் இதனை மரபணுச் சோதனையால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பெயரும் இதுவும் ஒன்றாகவே பயணம் செய்யவேண்டும். இரண்டும் பிரிந்த இடத்தில் மறைக்கப்பட்ட ஒரு கதை இருத்தல் கூடும்.

அத்தகைய கதையொன்று அமெரிக்காவில் நிகழ்ந்தது. மனிதர் யாவரும் சமமானவர் எனக் கூறும் 1776ஆம் ஆண்டுச் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்தவர் தோமஸ் ஜெபர்சன். அந்நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி. அவருடைய மொன்டிசெலோ மாளிகையில் சாலி ஹெமிங்ஸ் என்னும் அடிமைப்பெண் இருந்தாள். அவளுடைய பிள்ளைகளுக்கு ஜெபர்சனே தந்தை என்று 1802இல் ஒரு பத்திரிகை எழுதியது. 1873இல் அவள் மகன் மடிசன் ஹெமிங்ஸ், ஒஹையோ மாநிலப் பத்திரிகையொன்றில் அதையே தன் வாயாற் சொன்னான். அறிஞர் பலர் நம்பவில்லை. ஜெபர்சனின் சகோதரி மக்களான கார் என்னும் குடும்பப் பெயருடைய இருவர்மீது பழியைச் சுமத்தினர் ஜெபர்சனின் பேரப்பிள்ளைகள். அடிமையின் மகன் சொல் அம்பலம் ஏறவில்லை.

1998இல் மரபணுச் சோதனை நடந்தது. மனைவி வழியில் ஜெபர்சனுக்கு ஆண்மகவு நிலைக்கவில்லை. எனவே அவருடைய பெரிய தந்தை பீல்ட் ஜெபர்சனின் ஆண்வழியினரிடம் குருதி பெறப்பட்டது. சாலியின் கடைசி மகன் எஸ்டனின் வழித்தோன்றல் ஒருவருடைய நிறமூர்த்தம் அதனோடு பொருந்தியது. கார் குடும்பத்தாருடையது பொருந்தவில்லை. சாலியின் மூத்த மகன் எனச் சொல்லப்பட்ட தோமஸ் வூட்சனின் வழியினரும் ஜெபர்சனே தம் முன்னோர் என்று தலைமுறைகளாய்ச் சொல்லி வந்தனர், அவர்களுடையதும் பொருந்தவில்லை. செவிவழிச் செய்தி ஒருவீட்டில் மெய்யாயிற்று, மறுவீட்டில் மெய்ப்படவில்லை.

இங்கே ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். எஸ்டனின் தந்தை ஜெபர்சன் குலத்து ஆண் என்பதையே சோதனை காட்டிற்று. அவர் தோமஸ்தான் என்று அது மட்டும் சொல்லாது. அவருடைய தம்பிக்கும் அதே நிறமூர்த்தம் உண்டல்லவா? ஆனால் சாலி கருவுற்ற காலங்களில் எல்லாம் தோமஸ் ஜெபர்சன் மொன்டிசெலோவிலே இருந்தார் என்பதை அவருடைய குறிப்பேடுகளே காட்டுகின்றன. அவள் பிள்ளைகளில் வளர்ந்து ஆளான நால்வரும் விடுதலை பெற்றனர். இவற்றையும் சேர்த்து ஆராய்ந்த மொன்டிசெலோ மன்றம், அவரே தந்தையாதல் கூடும் என 2000இல் முடிவு கூறிற்று. ஏட்டுச் சான்றும் குருதிச் சான்றும் கைகோத்தபோதே வழக்குத் தெளிந்தது.

விந்தை இன்னொன்று. 1852இல் விஸ்கொன்சினுக்குக் குடிபெயர்ந்த எஸ்டன், ஜெபர்சன் என்ற பெயரைத் தானே சூடிக்கொண்டான். யாரும் கொடாத பெயரை அவன் எடுத்துக்கொண்டான். அது அவனுக்கு உரியதே என்று 146 ஆண்டுகளின் பின் அவன் குருதி சாட்சி சொன்னது.

ஆனால் நேயர்களே, பெயரும் நிறமூர்த்தமும் ஆண்வழியை மட்டுமே அறியும். இவ்வளவு ஆராய்ச்சியிலும் சாலியின் குருதிக்கு இடமில்லை. அவளுடைய ஓவியம் ஒன்றேனும் நமக்குக் கிடைக்கவில்லை. அவள் எழுதிய ஒருவரியும் இல்லை. அவளை நாம் அறிவதெல்லாம் பெரிதும் அந்த மகன் மடிசன் சொன்னதால்தான். சோதனைச்சாலை வருமுன்னே தாயின் கதையைக் காத்துவைத்தது பிள்ளையின் நினைவு.