யாக்கினிக்கு: சுட்ட மாட்டிறைச்சியும் ஒயினும்

யாக்கினிக்கு என்பது மெல்லிதாக அரிந்த மாட்டிறைச்சியையும் மாட்டின் உள்ளுறுப்புகளையும், மேசை நடுவே பதித்த கரியடுப்பிலோ எரிவாயு அடுப்பிலோ உண்பவரே சுட்டு, தொட்டுக்கொள்ளும் சாற்றில் தோய்த்து உண்ணும் ஜப்பானிய உணவக முறை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, ஜப்பானில் வாழ்ந்த கொரியர்களின் சிறு கடைகளில் இது உருப்பெற்றது. 1980களில் குடும்பத்தோடு சென்று உண்ணும் உணவாயிற்று. பிறகு டோக்கியோவின் விலையுயர்ந்த கடைகளில் நல்ல ஒயினோடு பரிமாறப்படும் விருந்தாக வளர்ந்தது. இன்று இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் விருந்திலிருந்தே தொடங்குகிறார்கள். அதனால் கடையைத் தொடங்கியவர்கள் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார்கள். வரலாறு கடையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இறைச்சி விலக்கும் மீட்சியும்

675ஆம் ஆண்டில் பேரரசர் தென்மு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையான மாதங்களில் மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை உண்ணத் தடை விதித்தார். பௌத்த அறமும், உழவு மாட்டைக் காக்கும் தேவையும் அதன் பின்னே இருந்தன. மானும் காட்டுப்பன்றியும் அந்தப் பட்டியலில் இல்லை. தடை காலத்தால் வழக்கமாகி, மாட்டிறைச்சி ஜப்பானியர் தட்டிலிருந்து பெரும்பாலும் விலகியது. முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஷோகன் என்ற படைத்தலைவர்கள் ஆண்ட எடோ காலத்தில் ஹிகோனே சிற்றரசு, மிசோ என்னும் புளித்த சோயா விழுதில் ஊறவைத்த மாட்டிறைச்சியை ஷோகனுக்கு மருந்து என்ற பெயரில் அனுப்பி வந்தது.

1868இல் கோபே துறைமுகம் வெளிநாட்டவருக்குத் திறக்கப்பட்டபோது இந்த நிலை மாறத் தொடங்கியது. புகுசாவா யுகிச்சி போன்ற சிந்தனையாளர்கள் இறைச்சி உண்பதை ஆதரித்து எழுதினார்கள். 1872 ஜனவரியில் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டார் என்ற செய்தி பரவியது. அதை ஏற்காத மலைத்துறவியர் சிலர் அடுத்த மாதமே அரண்மனைக்குள் புக முயன்று காவலரோடு மோதினார்கள், சிலர் உயிரிழந்தார்கள். ஆனாலும் மக்கள் பின்வாங்கவில்லை. மெல்லிய மாட்டிறைச்சியைச் சட்டியில் வேகவைத்து உண்ணும் கியூநாபே கடைகள் நகரமெங்கும் பெருகின. பிற்காலச் சுகியாக்கி அதன் வழியே வந்தது. மேசையிலேயே சுட்டு உண்ணும் வழக்கம் வேரூன்ற இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. அதைக் கொண்டுவந்தவர்கள் வேறு மக்கள்.

கருகிய நகரத்தின் சந்தைகள்

1910இல் ஜப்பான் கொரியாவை இணைத்துக்கொண்டது. நிலம் இழந்த உழவர்களும் கூலி தேடியவர்களும் கடல் கடந்தார்கள். 1920களில் ஜேஜு தீவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே நேரடிக் கப்பல் ஓடத் தொடங்கிய பின், ஒசாகாவின் இகாய்னோ பகுதி கொரியர் குடியிருப்பாக வளர்ந்தது. ரப்பர், கண்ணாடி, உலோகப் பட்டறைகளில் அவர்கள் வேலை பார்த்தார்கள். 1930களிலேயே அங்கிருந்த கொரிய உணவகங்களில் ஊறவைத்துச் சுட்ட மாட்டிறைச்சியான புல்கொகியும் விலா இறைச்சியான கல்பியும் கிடைத்தன.

1945இல் போர் முடிந்தபோது ஜப்பானின் பெருநகரங்கள் குண்டுவீச்சில் கருகிக் கிடந்தன. உணவுப் பங்கீடு போதவில்லை. ரயில் நிலையங்களைச் சுற்றிக் கள்ளச்சந்தைகள் எழுந்தன. அங்கே கொரியப் பெண்களும் ஆண்களும் பிறர் மதிக்காத மாட்டுக் குடலையும் போட்டியையும் மலிவாக வாங்கி, தேய்த்துக் கழுவி, பூண்டும் மிளகாயும் சோயாச் சாறும் சேர்த்துப் பிசைந்து, கரியடுப்பில் சுட்டு விற்றார்கள். இதுவே ஹொருமொன். கூலி வேலை முடித்து வந்தவர்களுக்கு அது வயிறு நிறைக்கும் உணவு; மலிவான மதுவுக்கு ஏற்ற துணை.

1952இல் சான் பிரான்சிஸ்கோ உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததும் ஜப்பானில் இருந்த கொரியர்கள் ஜப்பானியக் குடியுரிமையை இழந்தார்கள். அரசு வேலைக்கு வழியில்லை. பெரிய நிறுவனங்களும் கதவைத் திறக்கவில்லை. பழைய இரும்பு வியாபாரம், பச்சிங்கோ சூதாட்டக் கூடம், இறைச்சி சுடும் கடை என்று சில தொழில்களே மிஞ்சின. யாக்கினிக்குக் கடைகளில் பெரும்பகுதி கொரியர் கையில் இருந்ததற்கு இந்த அடைபட்ட கதவுகளே முதற்காரணம். சமையல் மரபு மட்டும் அதை விளக்காது. ஒசாகா விமான நிலையத்தை ஒட்டிய கொரியக் குடியிருப்பில் ஹொருமொன் கடை நடத்தும் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லும் ‘யாக்கினிக்கு டிராகன்’ நாடகம் 2008இல் அரங்கேறி, 2018இல் திரைப்படமாகவும் வந்தது. இந்த வாழ்க்கையை அறிய விரும்புவோர் அதைப் பார்க்கலாம்.

கடைகளில் பழமையானவை என்று வழக்கமாகச் சுட்டப்படுபவை ஒசாகாவின் ஷொகுதோயென், டோக்கியோ ஷின்ஜுகுவின் மெய்கெத்சுகான் ஆகிய இரண்டும். கொரிய முறையில் இறைச்சியை முன்கூட்டியே நன்றாக ஊறவைப்பார்கள். பெரிய துண்டாகச் சுட்டுக் கத்தரிக்கோலால் நறுக்கி, இலையில் மடித்து உண்பார்கள். ஜப்பானில் அது மாறியது. ஒரே வாய்க்குரிய மெல்லிய துண்டுகளைச் சாற்றில் இலேசாகப் பிசறிச் சுட்டு, தனிக் கிண்ணத்தில் உள்ள இன்னொரு சாற்றில் தோய்த்து, வெள்ளைச் சோற்றோடு உண்ணும் முறை நிலைபெற்றது. 1968இல் எபாரா நிறுவனம் யாக்கினிக்குச் சாற்றைப் புட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியதும் அந்தச் சுவை ஜப்பானிய வீடுகளுக்குள் நுழைந்தது.

ஒசாகாவின் சுருஹாஷி ரயில் நிலையத்தில் இறங்கினால் சுட்ட இறைச்சி வாசம் நடைமேடைக்கே வந்துவிடும். 2001இல் ஜப்பானியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் நாட்டின் நறுமண நிலக்காட்சிகள் என நூறைத் தேர்ந்தபோது சுருஹாஷிச் சுற்றுப்புறத்தையும் அதில் சேர்த்தது. ஒருகாலத்தில் ஏளனத்துக்கு ஆளான அதே பூண்டு வாசத்துக்கு அரசின் அங்கீகாரம் கிடைக்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

புகை அடங்கிய மேசை

யாக்கினிக்கு பரவப் பெரிய தடை புகை. கொழுப்பு நெருப்பில் சொட்டியதும் எழும் புகை உடையிலும் தலைமுடியிலும் படிந்து, மறுநாள் அலுவலகம் வரை கூடவே வரும். 1980இல் நாகோயாவின் ஷின்போ நிறுவனம் புகையற்ற அடுப்பைக் கொண்டுவந்தது. கம்பி வலையைச் சுற்றியுள்ள இடுக்குகள் வழியே காற்றைக் கீழ்நோக்கி இழுத்து, மேசைக்கு அடியில் செல்லும் குழாயில் புகையை வெளியேற்றும் அமைப்பு அது. புகை முகம் வரை எழும்புவதற்குள் பக்கவாட்டில் வளைந்து உள்ளே போய்விடும். இந்த ஓர் இயந்திரம் பெண்களையும் குழந்தைகளையும் மேலங்கி அணிந்த அலுவலர்களையும் கடைக்குள் கொண்டுவந்தது. ஒயினுக்கும் இடம் பிறந்தது இங்கேதான். ஒயினின் பாதிச் சுவை மூக்கில் இருக்கிறது. புகை சூழ்ந்த அறையில் நல்ல புட்டியைத் திறப்பது வீண்.

அடுத்த திருப்பம் விலையில் வந்தது. 1991 ஏப்ரலில் ஜப்பான் மாட்டிறைச்சி இறக்குமதிக்கான அளவு வரம்பை நீக்கியது. தொடக்கத்தில் 70 விழுக்காடாக இருந்த சுங்க வரி படிப்படியாகக் குறைந்தது. அமெரிக்காவில் அவ்வளவு மதிப்பில்லாத கீழ்விலாப் பகுதி ஜப்பானில் கருபி என்று கொண்டாடப்பட்டது. ஹராமி எனப்படும் உதரவிதானத் தசையைச் சதை என்றே நாக்கு சொல்லும். ஆனால் ஜப்பானிய வகைப்பாடு அதை உள்ளுறுப்பில் சேர்க்கிறது. 1996இல் டோக்கியோவின் சாங்கென்ஜாயாவில் தொடங்கிய கியூ-காகு என்ற கடைத்தொடர், இளைஞர்களுக்கு ஏற்ற விலையில் கிளைகளைப் பரப்பியது.

இந்த வளர்ச்சிக்குக் கடும் அடிகளும் விழுந்தன. 2001 செப்டம்பரில் ஜப்பானில் முதல் பித்த மாட்டு நோய் உறுதியானதும் கடைகள் வெறிச்சோடின. 2011இல் ஒரு கடைத்தொடரில் பச்சை மாட்டிறைச்சி உண்டவர்களில் ஐந்து பேர் குடல் கிருமித் தொற்றால் இறந்தார்கள். 2012 ஜூலை முதல் பச்சை மாட்டீரலைப் பரிமாறுவது தடை செய்யப்பட்டது. உண்பவர் கையில் இடுக்கியைக் கொடுக்கும் முறையில் பாதுகாப்பின் பாதிப் பொறுப்பும் அவருக்கே போகிறது. பச்சை இறைச்சி எடுக்கும் இடுக்கியையும் வாய்க்குப் போகும் குச்சியையும் கலக்காமல் வைத்துக்கொள்வதை எளிதாக எண்ணக் கூடாது.

வாக்யு

விலையுயர்ந்த யாக்கினிக்கின் அடிப்படை வாக்யு மாடு. கருப்பு, பழுப்பு, கொம்பிலி, குறுங்கொம்பு என நான்கு இனங்களுக்கே அந்தப் பெயர் உரியது. நடைமுறையில் கருப்பினமே மிகப் பெரும்பான்மை. இறைச்சித் தரம் எழுத்தும் எண்ணுமாகக் குறிக்கப்படும். ஓர் உடலிலிருந்து எவ்வளவு இறைச்சி தேறும் என்பதை எழுத்து காட்டும். தரத்தை 1 முதல் 5 வரையான எண் காட்டும். அதற்குள் கொழுப்புப் படர்வுக்கு 1 முதல் 12 வரை தனி அளவுகோல் உண்டு. 5ஆம் தரத்துக்குக் குறைந்தது 8 வேண்டும். A5 என்ற குறி சுவைக்குத் தரப்பட்ட மதிப்பெண் என்று பலர் நம்புவது சரியல்ல. அதில் A என்பது வாங்கி விற்பவருக்குத்தான் பயன்படும். உண்பவருக்கு அதனால் ஒன்றும் இல்லை.

வாக்யுவின் கொழுப்பு குறைந்த வெப்பத்திலேயே உருகும். சூடாகும்போது தேங்காயையும் பீச் பழத்தையும் நினைவூட்டும் லாக்டோன் மணச்சேர்மங்கள் அதில் எழுகின்றன. அதனால்தான் தேர்ந்த சமையல்காரர் மெல்லிய துண்டைக் கருக விடுவதில்லை. வலையில் கிடத்திய துண்டின் ஓரம் சுருங்கி, மேற்பரப்பில் வியர்வைபோல் கொழுப்பு துளிர்த்ததும் ஒருமுறை திருப்பி, மூன்று நான்கு நொடியில் எடுத்துவிடுவார். குடல் வகைக்கு இது பொருந்தாது. தோல் பக்கத்தை நெடுநேரம் மொறுமொறுக்கச் சுட்டு, கொழுப்புப் பக்கத்தைக் கடைசியில் சிறிது காட்டினால் போதும்.

ஒயின் வந்த வழி

ஜப்பானிய ஒயினின் வரலாறு தனியே ஓடியது. 1877இல் யாமானாஷி மாநிலத்தில் தொடங்கிய ஒயின் நிறுவனம் தகானோ மசானாரி, சுச்சியா ரியூகென் என்ற இரு இளைஞர்களைப் பயிற்சிக்குப் பிரான்சுக்கு அனுப்பியது. நீகாதாவில் இவானோஹாரா தோட்டத்தை நிறுவிய கவாகாமி சென்பெய், ஜப்பானின் ஈரமான தட்பவெப்பத்தைத் தாங்கும் திராட்சையைத் தேடிப் பல்லாயிரம் கலப்புகளைச் செய்துபார்த்தார். அவற்றில் 1927இல் பிறந்த மஸ்கட் பெய்லி A இன்று நாட்டின் முதன்மைச் சிவப்பு ஒயின் திராட்சை.

ஆனால் மக்கள் நாக்குக்கு நெடுங்காலம் பழகியிருந்தது இனிப்பு ஒயின்தான். 1907இல் தோரீ ஷின்ஜிரோ விற்கத் தொடங்கிய அகாதாமா அதில் புகழ்பெற்றது. 1995இல் டோக்கியோவில் நடந்த உலக ஒயின் பரிமாறுநர் போட்டியில் தசாகி ஷின்யா வென்றார். 1997–98இல் சிவப்பு ஒயின் உடல்நலத்துக்கு நல்லது என்ற பேச்சு பரவி விற்பனை பெருகியது. 2004இல் தொடராக வரத் தொடங்கிய ‘காமி நோ ஷிசுகு’ என்ற ஒயின் சித்திரக்கதை ஜப்பானிலும் கொரியாவிலும் பெரும் வாசகர்களைப் பெற்றது. சிலி நாட்டின் மலிவான ஒயின்கள் 2007 வணிக ஒப்பந்தத்துக்குப் பின் வந்து குவிந்தன. 2019 பிப்ரவரியில் ஐரோப்பிய ஒன்றியத்துடனான ஒப்பந்தம் ஐரோப்பிய ஒயின்களுக்கான சுங்க வரியை நீக்கியது.

இதே காலத்தில் டோக்கியோவில் சில கடைகள், வாடிக்கையாளர் தட்டுத் தட்டாகக் கேட்டு வாங்கும் வழக்கத்தை விட்டு, சமையல்காரரே வரிசை வகுத்துப் பரிமாறும் முறைக்கு மாறின. மினாமி அவோயாமாவின் யோரோனிகு அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. அங்கே சுடுவதும் ஊழியர் கையில். வரிசை நிலையானதும் ஒவ்வொரு துண்டுக்கும் ஒயினைத் தேர்வது எளிதாயிற்று. கட்டணம் கொடுத்துச் சொந்தப் புட்டியைக் கொண்டுவர அனுமதிக்கும் கடைகளும் ஒயின் விரும்பிகளை ஈர்த்தன.

எதனோடு எது

மாட்டிறைச்சி என்றதும் துவர்ப்பு மிகுந்த போர்தோ புட்டியைத் திறப்பது பழக்கம். கொழுப்பு குறைந்த சதைக்கு அது சரி. ஹராமிக்கு மிளகு வாசமுள்ள சிரா நன்றாகவே பொருந்தும். கொழுப்புப் படர்ந்த வாக்யு வேறு வகை. அதற்குத் துவர்ப்பைவிடப் புளிப்பே தேவை. ஷாம்பெயின், பினோ நுவார் போன்ற புளிப்புள்ள ஒயின்கள் வாயைத் துலக்கி அடுத்த துண்டுக்கு இடம் தருகின்றன.

உப்பா, சாறா என்பதுதான் இங்கே முதற்கேள்வி. உப்பும் எலுமிச்சையும் சேர்த்த நாக்குத் துண்டுக்கு யாமானாஷியின் கோஷு வெள்ளை ஒயின் அருமையான துணை. சாற்றில் சோயா, சர்க்கரை, பூண்டு, எள்ளெண்ணெய், பழக்கூழ் எல்லாம் உண்டு. அந்த இனிப்பின் முன் வறண்ட ஒயின் புளித்தும் கசந்தும் தெரியும். சோயாவின் உமாமி அந்தக் கசப்பை இன்னும் கூட்டும். கிரெனாஷ் போலப் பழுத்த கனிச்சுவையுள்ளதோ, ஸ்ட்ராபெரி மணமுள்ள மஸ்கட் பெய்லி A ஒயினோ அங்கே நிற்கும். கொரிய ஊறுகாயான கிம்ச்சியின் காரத்தைச் சாராயச் சத்து மிகுந்த ஒயின் எரிச்சலாக்கிவிடும். இலேசாக இனிக்கும் ரீஸ்லிங் அதைத் தணிக்கும். மிசோவில் பிசறிய குடலுக்குக் குளிரவைத்த இலகுவான சிவப்பு போதும். பெரும் விலை கொடுத்த புட்டியை அதனோடு திறப்பது பணத்துக்குக் கேடு.

இவ்வளவுக்குப் பின்னும் பெரும்பாலான யாக்கினிக்கு மேசைகளில் முதலில் வருவது பீர்தான். 2018இல் டோக்கியோவின் ஷின்பாஷியில் தொடங்கிய ‘யாக்கினிக்கு லைக்’ என்ற கடை, தனியாக வருபவருக்கு ஆளுக்கோர் அடுப்பு வைத்தது. விருந்து உயரும்போதே எளிய உணவும் தன் வழியில் நடக்கிறது. இதைச் சுவைக்க ஜப்பான் செல்வோர் டோக்கியோவின் ஒயின் மேசைக்கு முன்பதிவு செய்வதற்கு முன் சுருஹாஷியின் சந்துக் கடை ஒன்றில் ஒருவேளை ஹொருமொன் உண்ணட்டும். இந்தச் சமையலைக் கண்டெடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்றும் அங்கே அடுப்பைப் பற்றவைக்கிறார்கள்.