குப்பாயமும் ஓவர்கோட்டும்

தமிழ் வகுப்பில் கால்டுவெல்லை ஒப்பிலக்கணத்தோடு முடித்துவிடுகிறோம். 1844இல் அவர் மணந்த எலைசா, நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திய மார்த்தா மால்ட்டின் மகள். இடையன்குடியில் எலைசாவும் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப்பள்ளி தொடங்கினார். எழுத்தோடு லேஸ் பின்னலும் அங்கே பாடம்.

அவருடைய தாய்வீடு இருந்த தென்திருவிதாங்கூரில், மேல்சாதியார் முன் நாடார் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது. கிறித்தவம் தழுவியவர்கள் குப்பாயம் போடலாம், தோளில் சீலை மட்டும் கூடாது என்றது 1829 அரச ஆணை. மீறியவர்களின் துணியைச் சந்தையிலும் தெருவிலும் கிழித்தார்கள். மிஷன் பள்ளிகளைக் கொளுத்தினார்கள். சென்னை ஆளுநர் டிரெவெல்யன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலையில், நாடார் பெண்கள் எல்லோரும் மறைத்துக்கொள்ளலாம் என அறிவிப்பு வந்தது. மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் விதத்தில் கூடாது என்ற நிபந்தனை அதிலும் இருந்தது. (மிஷன்காரர்களை முழுக்கப் புகழவும் எனக்கு மனமில்லை. குப்பாயத்தில் அவர்கள் ஊர் நாணத்தையும் சேர்த்தே தைத்திருந்தார்கள்.)

சாயர்புரத்திலிருந்து கால்டுவெல் 1883இல் தம் கல்லூரியைக் கொண்டுவந்த ஊர் தூத்துக்குடி. இங்கே இன்று காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சல்வார், அதன்மேல் ஓவர்கோட்டு, ரிப்பன் கட்டிய இரட்டைச் சடை. பையன்களுக்கு முடிவெட்டு சரியாக இருந்தால் போதும்.

நான் பத்தாவது படிக்கையில் தாவணி ஊக்கு கழன்றுவிட்டது. "ஏட்டி, பயலுவ படிக்க வேண்டாமா?" என்று ஆசிரியை என்னை வெளியே நிறுத்தினார். உள்ளே கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அந்தப் பயல்களிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.