மேடைப் பேச்சும் கேட்கப்படாத கேள்வியும்

“இனி மேடைப் பேச்சை யார் கேட்கப் போகிறார்கள்? கைப்பேசியிலேயே குழுவாக உரையாடும் காலம் அல்லவா இது!” என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால், மேடை நமக்கு என்ன செய்தது என்று பார்த்துவிட்டுப் பதில் சொல்வதே முறை.

மலாயாத் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக் களத்தில் பாட்டாளிகள் வரிசையாக நிற்பார்கள். கிராணியோ தண்டலோ பேசுவார். கோயில் திருவிழாவில் கதையும் கூத்தும் கேட்டிருப்பார்கள். மற்றபடி கூட்டத்தைப் பார்த்துப் பேசுவது என்றால் அது கட்டளைதான். 1929 டிசம்பரில் பெரியார் மலாயாவுக்கு வந்து ஈப்போ மாநாட்டிலும் வேறு ஊர்களிலும் பேசினார். சாதியைப் பற்றி வீட்டுக்குள் முணுமுணுத்ததை ஒருவர் பலரறிய உரக்கச் சொன்னார். உரையாடல் பெரும்பாலும் தெரிந்தவர்களுக்குள் நடப்பது. முன்பின் தெரியாதவர்களை ஒன்றாக நிற்க வைத்தது மேடை.

1943-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜூலையில் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்தார். பிறகு மலாயா நகரங்களிலும் பேசினார். அவருக்குத் தமிழ் தெரியாது. பேச்சைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னார்கள். அப்படியும் கூட்டம் அலைமோதியது. கோலாலம்பூர்த் திடலில் கேட்டுக்கொண்டிருந்த 18 வயது ஜானகி, காதணிகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். பின்னர் ஜான்சி ராணிப் படையில் அதிகாரியானார். 1946-இல் ம.இ.கா. தோன்றியபோது அதைத் தொடங்கியவர்களில் ஒருவராகவும் இருந்தார். வசதியான வீட்டுப் பெண்ணை ஒரு பேச்சு பாசறைக்கு அழைத்துச் சென்றது! வீட்டுத் திண்ணை உரையாடல் அதைச் செய்திருக்குமா? எனக்கு ஐயம்தான்.

ஆனால், மறுபக்கமும் உண்டு. அதே 1943-இல்தான் ஜப்பானியர்கள் தோட்டத் தமிழர்களைச் சயாம்-பர்மா இரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அந்தத் திடலில் நின்ற ஒரு தாய், “சயாமுக்குப் போன என் மகன் எங்கே, ஐயா?” என்று கேட்க நினைத்திருந்தால், யாரிடம் கேட்டிருப்பார்? மேடையில் ஜப்பானியரின் நண்பர் அல்லவா நின்றார்? கைதட்டலாம், நகையைக் கழற்றிக் கொடுக்கலாம். குறுக்கே ஒரு கேள்வி கேட்க மேடையில் இடமில்லை.

சயாமிலிருந்து தப்பி வந்தவர்கள் நெடுங்காலம் அந்தக் கதையை லயத்து வாசலில், பக்கத்து வீட்டாரிடமும் பேரப்பிள்ளைகளிடமும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யார் எந்த முகாமில் விழுந்தார், யார் பிணத்தை யார் புதைத்தார் என்பதெல்லாம், “அப்புறம் என்ன ஆச்சு, தாத்தா?” என்று ஒரு பிள்ளை கேட்டதால் வெளியே வந்தவை.