எழும்பாத மலை

பாரம் – 9

பழனி அடிவாரத்தில் நின்றால் இரண்டு குன்றுகள் தெரியும். ஒன்றில் தண்டாயுதபாணி, மற்றது இடும்பன் மலை. சிவகிரி, சக்திகிரி என்ற அவ்விரண்டையும் அகத்தியருக்காகக் காவடி கட்டித் தோளில் சுமந்துவந்தான் இடும்பன் என்கிறது தலபுராணம். ஆவினன்குடியில் இளைப்பாற இறக்கிவைத்தான். திரும்பத் தூக்கியபோது மலை எழும்பவில்லை.

தூக்க முடியாமல் நின்ற அந்த இடும்பனைத்தான் காவடி எடுப்பவர்கள் முதலில் கும்பிடுகிறார்கள். ஏன் என்பது எனக்கு விளங்கியது பளுதூக்கும் மூன்று பெண்களின் கதையால். நடுவில் ஒரு தண்டு, இரு முனையிலும் பாரம். அவர்கள் தூக்கியதும் காவடி போன்ற ஒன்றைத்தான்.

1896-ல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கிலேயே ஆண்கள் பளு தூக்கினார்கள். அந்த மேடையில் பெண்கள் ஏற மேலும் 104 ஆண்டுகள் ஆயின. சிட்னி, 2000 செப்டம்பர் 19. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்திலிருந்து வந்த கர்ணம் மல்லேஸ்வரி, 69 கிலோ எடைப்பிரிவில் ஸ்நாட்ச் முறையில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130 என மொத்தம் 240 கிலோ தூக்கியிருந்தார். தங்கம் வென்ற சீனாவின் லின் வெய்னிங் தூக்கியது 242.5. கடைசி வாய்ப்பில் மல்லேஸ்வரி கேட்டது 137.5 கிலோ. அது ஏறியிருந்தால் தங்கம். ஏறவில்லை. ஆனாலும் கிடைத்த வெண்கலம், ஒலிம்பிக்கில் இந்தியப் பெண் ஒருவர் பெற்ற முதல் பதக்கம்.

அன்று மணிப்பூரின் நோங்போக் காக்சிங் கிராமத்தில் மீராபாய் சானுவுக்கு வயது 6. மலைக்கிராமங்களான பூம்பாறை, மன்னவனூர் பக்கம் சும்மாடு வைத்து விறகு சுமக்கும் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சிறுமியை அடையாளம் தெரியும். அண்ணனால் தூக்க முடியாத விறகுக்கட்டை அவர் தூக்கி வீடு சேர்த்தார். இம்பாலில் பயிற்சிக்குப் போக மணல் லாரிகளில் இடம் கேட்டு ஏறினார். 2016 ரியோவில் 48 கிலோ பிரிவு. கிளீன் அண்ட் ஜெர்க்கில் மூன்று வாய்ப்பு, மூன்றும் தவறின. கணக்கில் மொத்த எடையே இல்லை. மறுவருடம் அமெரிக்காவின் அனஹைமில் 194 கிலோ தூக்கி உலகச் சாம்பியன். 2021 ஜூலை 24, டோக்கியோவில் 202 கிலோவுடன் வெள்ளி. ஊர் திரும்பியதும் அந்த லாரி ஓட்டுநர்களைத் தேடி அழைத்து விருந்து வைத்தார்.

இரண்டு நாள் கழித்து, அதே மேடையில் பிலிப்பைன்ஸின் ஹிடிலின் டியாஸ். ஜாம்போவாங்கா நகரில் குடும்பத்துக்காகத் தண்ணீர் சுமந்து வளர்ந்தவர். 2012 லண்டனில் இவருக்கும் கிளீன் அண்ட் ஜெர்க் மூன்றும் தவறின. 2016-ல் வெள்ளி. 2020-ல் கொரோனா முடக்கத்தில் மலேசியாவில் மாட்டிக்கொண்டார். பயிற்சிக்கூடம் மூடிக்கிடந்தது. மூங்கில் கழியின் இரு முனையிலும் தண்ணீர்க் குடுவைகளைத் தொங்கவிட்டுத் தூக்கினார். பத்துமலைக்குக் காவடி எடுக்கும் மலேசியத் தமிழர் யாராக இருந்தாலும் அந்தக் காட்சியைப் பார்த்துச் சட்டென்று நின்றிருப்பார்கள். டோக்கியோவில் 55 கிலோ பிரிவில் அவர் தூக்கியது 224 கிலோ. சீன வீராங்கனையை விட ஒரே ஒரு கிலோ கூடுதல். 1924 முதல் ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளும் பிலிப்பைன்ஸுக்கு 97 ஆண்டுகளில் கிடைத்த முதல் தங்கம்.

பதக்கப் பட்டியலில் 137.5 கிலோ இல்லை. ரியோவிலும் லண்டனிலும் தவறிய மும்மூன்று தூக்கல்களும் இல்லை. ஆனால் மீராபாயும் ஹிடிலினும் மீண்டும் பயிற்சிக்குப் போனது அந்தத் தோல்விகளைத் தோளில் வைத்துக்கொண்டுதான்.

அடுத்த முறை பழனி படியேறும்போது இடும்பன் சந்நிதியில் கொஞ்சம் கூடுதலாக நிற்கப் போகிறேன். நம் முன்னோர் அவனைத் தோற்றவனாக எண்ணவில்லை. வழிபாட்டின் வாசலில் நிறுத்திவைத்தார்கள்.

(தொடரும்)