மேட்டு நிலமும் நீர்வழியும்

சேலம், நாமக்கல் சமவெளியைத் தேசப்படத்தில் மட்டும் நோக்கும் மாணவர், அதனை நீர்வளம் மிக்க நாடென்றே எண்ணக்கூடும். சேர்வராயன் மலைப்பகுதியில் தோன்றும் திருமணிமுத்தாறு, சேலம் நகரினூடே தெற்கு நோக்கிச் சென்று காவிரியிற் கலக்கிறது. சரபங்கா நதியும் அம்மலையிற் பிறந்து, ஓமலூர், எடப்பாடிப் பகுதிகளின் வழியே காவிரியையே அடைகிறது. கிழக்கே வசிட்ட நதியும் சுவேத நதியும் வெள்ளாற்றின் வழியாக வங்கக்கடலை நாடுகின்றன.

ஆயினும், இவை மழை பெய்தால் பெருகி, மழை ஓய்ந்தால் மணலாகும் ஆறுகளே. அடியிலோ கடும்பாறை, ஆதலின் நிலத்தடியில் தங்கும் நீரும் குறைவு. இதனையறிந்த முன்னோர், ஓர் ஏரி நிரம்பி வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு ஏரிகளைத் தொடராக அமைத்தனர்.

ஏரிநீர் எட்டாத மேட்டு நிலத்தாரோ சோளமும் கம்பும் விதைத்து, கால்நடைகளை நம்பி வாழ்ந்தனர். சேலம் மாவட்டத்து மேச்சேரியின் பெயர் தாங்கிய செம்மறியாடு இவ்வாழ்வின் சின்னமாகும். உடலில் கம்பளியின்றி, வெளிர்பழுப்பு நிறங்கொண்ட இவ்வாடு வறண்ட மேய்ச்சலிலும் பிழைப்பது; இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர் பெற்றது. எனினும், மழை அறவே பொய்த்தால் மேய்ச்சலும் இல்லை. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தில் சேலம் மாவட்டம் கொடிய துயருற்றது. மக்களோடு கால்நடைகளும் மடிந்தன.

பின்னர், 1925இல் தொடங்கி 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அதன் நீர் பெரும்பாலும் தொலைவிலுள்ள தஞ்சைக் கழனிகளுக்கே சென்றது. அணைக்கு அண்மையிலிருந்தும் மேச்சேரி வறண்டே கிடந்தது. காரணம் யாது? நீர் பள்ளத்தை நாடும். மேச்சேரியோ மேட்டில் உள்ளது. அணையின் உபரிநீரை இயந்திரங்களால் மேலேற்றி, சேலம் மாவட்டத்தின் 100 வறண்ட ஏரிகளை நிரப்பும் திட்டத்திற்கு 2020இல்தான் அடிக்கல் நாட்டப்பட்டது.

ஏரிக்கு நீரைக் கொண்டுவரலாம். ஆனால் வரத்துக் கால்வாய் தூர்ந்து, கரை உடைந்து கிடந்தால் பயன் யாது? மாணவர்களே, உங்கள் ஊர் ஏரிக்கு நீர் எவ்வழியே வருகிறது, மிகுநீர் எங்கே செல்கிறது என்பதை ஒருநாள் நடந்து கண்டறியுங்கள். அவ்வழி அடைபட்டிருப்பின், அதனைத் திறப்பதே உங்கள் ஊருக்கு நீங்கள் செய்யும் முதற்றொண்டு.