மரம் மறைத்த ஆணி

திருவண்ணாமலையில் மலையைச் சுற்றும் பாதை சுமார் 14 கிலோமீட்டர். அதில் நடக்கும்போதெல்லாம் என் கண் சாலையோர மரங்களிலும் போய் நிற்கும். மரத்துக்கு மரம் ஏதோ ஒரு விளம்பரத் தகடு. நாளடைவில் தகடு துருப்பிடித்து விழுந்துவிடுகிறது, ஆணி போவதில்லை. செஞ்சி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் பேய் ஓட்டுகிறவர்கள், பேய் பிடித்தவளின் தலைமயிரில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்து அறைவது வழக்கம். பேய் என்ன ஆயிற்றோ, ஆணி மரத்தோடு தங்கிவிடும்.

மரம் உயர்வது நுனியில்தான். அடிமரம் பருக்கிறதே தவிர மேலே ஏறுவதில்லை. ஆகவே நெஞ்சளவில் அடித்த ஆணி, 50 வருஷம் கழித்தும் நெஞ்சளவிலேயே இருக்கும். ஆனால் வருஷா வருஷம் புதிய மரம் அதன்மேல் படர்ந்து மூடிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது.

குழி வெட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று கையால் மரம் அறுத்த காலத்தில், ஆணி குறுக்கிட்டால் ரம்பத்தின் பற்கள் போகும்; அன்றையக் கூலியும் போகும். அவர்களுக்குத் துணை கண்தான். கருவேல் போன்ற துவர்ப்புள்ள மரத்தில் இரும்பு இருந்தால், அதைச் சுற்றிக் கருநீலக் கறை பரவும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து நம் முன்னோர் மை காய்ச்சினார்களே, அதே ரசாயனம்தான். அடிமரத்தின் வெட்டு முகத்தில் அந்தக் கறை தெரிந்தால் உஷாராகிவிடலாம். ஆனால் நடுமரத்தில் கிடக்கும் ஆணி அப்படிக் காட்டிக் கொடுக்காது.

இயந்திர ரம்பம் வந்த பிறகு விஷயம் உயிருக்கே வந்துவிட்டது. 1987-ல் கலிபோர்னியாவில் ஒரு மர ஆலையில், யாரோ அடித்து வைத்திருந்த 11 அங்குல ஆணியில் பட்டை ரம்பம் மோதி அறுந்தது. அதன் துண்டு 23 வயதுத் தொழிலாளி ஒருவரின் முகத்தில் பாய்ந்து தாடையை நொறுக்கியது. உயிர் தப்பியது அதிர்ஷ்டம்.

இதைத் தடுக்கும் கருவியின் கதை ஒரு படுக்கையருகே தொடங்குகிறது. 1881-ல் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். குண்டு உடம்பில் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. டெலிபோன் கண்ட கிரஹாம் பெல் ஒரு கருவியோடு வந்தார். இரண்டு கம்பிச் சுருள்களில் மின்சாரத்தைச் சமனாக நிறுத்தி வைப்பது. பக்கத்தில் உலோகம் வந்தால் சமன் கெட்டு, காதில் ஒலி கேட்கும். டாக்டர் வலப்புறத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டோ இடப்புறத்தில் இருந்தது. போதாததற்கு மெத்தையின் இரும்புச் சுருள்களும் குழப்பின. செப்டம்பரில் ஜனாதிபதி காலமானார்.

ஆனால் தத்துவம் பிழைத்தது. 1942-ல் எல் அலமைன் போரில், போலந்து அதிகாரி கொசாட்ஸ்கி அமைத்த கருவி மணலுக்கடியில் கண்ணிவெடிகளைத் தேடிற்று. முதல் உலக யுத்தம் நடந்த பிரெஞ்சுக் காடுகளிலோ, மரங்களே குண்டுச் சில்லுகளை விழுங்கி வளர்ந்திருந்தன. இன்று பெரிய ஆலைகளில் கட்டை ரம்பத்துக்குப் போகுமுன் இத்தகைய கருவியைக் கடந்தே போகிறது. சிறிய பட்டறைக்காரர்கள் கையில் பிடிக்கும் கருவியால் தடவிப் பார்க்கலாம். ஒலி கேட்ட இடத்தில் உளியால் தோண்டி ஆணியை எடுத்துவிட்டால் ஆபத்தில்லை.

இத்தனை சாமர்த்தியமும் எதற்கு? ஒரு மாதம் தொங்கப்போகும் தகட்டுக்காக ஒருவர் சுத்தியலை எடுத்ததற்கு. அவர் பெயர் யாருக்கும் தெரியாது. பேரன் காலத்தில் அந்த மரத்தை அறுக்கப்போகிறவனை அவருக்கும் தெரியாது. தகட்டைக் கயிற்றால் கட்டினால் போதாதா, ஐயா?